நாதஸ்வரத்துக்கு ஒரு அம்ப், ராப்புக்கு இன்னொன்றா?

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து 29 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் பகுதியில் வேலை, பெரும்பாலும் இரவில். மாசியில் காமன் கூத்து வந்தால் தப்பு மேளம் அடிப்பார். காலையில் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்து, பாட்டுக் கேட்டபடியே தூங்கிப்போவது வழக்கம். கத்தாரிலிருக்கும் மச்சான் லீவில் வந்தபோது பெயர்டைனமிக் டிடி 990 புரோ ஹெட்போன் ஒன்றைக் கொடுத்திருக்கிறார், 250 ஓம் வகை (ஓம் என்பது மின்சாரத்துக்கு அது காட்டும் எதிர்ப்பின் அளவு). அதை ஒரு அப்பிள் டொங்கிள் (போனின் யூ.எஸ்.பி. துளையில் செருகி ஹெட்போனை மாட்டும் சிறு இணைப்பு) வழியாக அண்ட்ரொயிட் போனில் மாட்டிக் கேட்கிறார். புதுச் சினிமாப் பாட்டெல்லாம் சத்தமாகத்தான் கேட்கிறது. பழைய நாதஸ்வரக் கச்சேரிகள் மட்டும் முழு வொல்யூமிலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கின்றன. ராப்பில் பேஸ், அதாவது தாழ்ந்த அடி ஒலி, போதவில்லை. மெட்டல் கேட்டால் சிம்பல் காதைக் குத்துகிறது. கண்டியில் ஒரு கடைக்காரர், "கர்நாடக இசைக்கு வால்வ் அம்ப், ராப்புக்கும் மெட்டலுக்கும் 100 வொட் அம்ப், பேஸுக்கென்று இன்னொரு ஹெட்போன்" என்று துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். (அம்ப் என்பது ஒலிச் சைகையைப் பெருக்கும் கருவி, வால்வ் அம்ப் என்றால் பழைய பாணிக் கண்ணாடிக் குழாயில் ஓடுவது.) அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து இவற்றை வாங்கலாமா என்பதுதான் கேள்வி. பக்கத்துக் காம்பராவிலிருந்து "உன் பாட்டால் தூங்க முடியவில்லை" என்று முறைப்பாடு வேறு வருகிறதாம். கடைசியில் இரண்டே வரி: வேலை முடிந்து வந்தால் வலது காதில் "கீ…" என்று ஒரு சத்தம், சில மாதமாக இருக்கிறது, ஹெட்போன் இன்னும் 'பர்ன்-இன்' ஆகாததால் இருக்குமோ?

தம்பி, நீங்கள் கடைசியில் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். நான் காது பரிசோதிப்பவன். பாட்டுப் பைத்தியமும் கொஞ்சம் உண்டு, அதனால் மற்றக் கேள்விகளுக்கும் வருவேன். ஆனால் அந்த இரண்டு வரிக்குப் பதில் தெரியாமல் அம்ப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

வலது காது

'பர்ன்-இன்' என்பது புது ஹெட்போனைப் பல மணி நேரம் ஓடவிட்டால் அதன் ஒலி கனிந்துவிடும் என்ற நம்பிக்கை. காதுப் பஞ்சணை நாளடைவில் அமுங்குவதால் ஒலி சற்று மாறுவது உண்மை. நம் மூளை ஒரு புது ஒலிக்குப் பழகிப்போவதும் உண்மை. ஆனால் ஹெட்போனைக் கழற்றி வைத்த பிறகும் காதில் ஒரு சத்தம் கேட்டால், அது ஹெட்போனின் சமாசாரமே இல்லை. காது இரைச்சல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வேலை முடிந்து வந்ததும்தான் அது கூடுதல் என்று. ரோலர் பக்கத்தில் ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால் அங்கே இரைச்சல் ஏறக்குறைய 85 டெசிபலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிலையமான நியோஷ், 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் எல்லை என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அதாவது 88 இல் 4 மணி, 91 இல் 2 மணி.

இப்படி ஒரு இரவு முழுக்க நின்றுவிட்டு வரும் காது, சில மணி நேரத்துக்கு மந்தமாக இருக்கும். உட்செவியில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் களைத்துப்போயிருக்கும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் மீளும். திரும்பத் திரும்ப இப்படியே நடந்தால் மீளாமலும் போகும். உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: நீங்கள் பாட்டுக் கேட்க உட்காருவது, ஒரு நாளில் உங்கள் காது மிக மந்தமாக இருக்கும் அந்த மணி நேரத்தில். போதாமல் இருப்பது அம்பின் பலம் என்று நினைக்கிறீர்கள். அதில் ஒரு பங்கு காதின் களைப்பு. வேலையில்லாத ஞாயிறு பின்னேரத்தில் அதே நாதஸ்வரப் பதிவை அதே வொல்யூமில் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள், பெரும்பாலும் தெரியும்.

இன்னொன்று. இரைச்சலால் வரும் கேடு பொதுவாக இரண்டு காதையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கும். உங்களுக்கு ஒரு காதில் மட்டும் என்பதால் அதைச் சும்மா விடக்கூடாது. வெறும் காதுக்குடுமி அடைப்பாக இருக்கலாம், அப்படியென்றால் சுலபம். வேறு காரணமும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். பக்கத்து அரசாங்க வைத்தியசாலை ஓ.பி.டி.யில் காட்டி, நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ ஈ.என்.டி. கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். காசு செலவில்லை, வரிசையில் நிற்கும் நேரம்தான். கேட்டல் பரிசோதனைக்குப் போகும்போது இரவு வேலை முடித்த கையோடு போகாதீர்கள். குறைந்தது 14 மணி நேரமாவது ஃபெக்டரிச் சத்தமும் ஹெட்போனும் இல்லாமல் இருந்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் களைத்த காதின் அளவுதான் காகிதத்தில் பதியும். அதுவரை காதுக்குள் கோழி இறகு, ஊக்கு, சுட வைத்த எண்ணெய் எதுவும் வேண்டாம்.

தற்செயலாக ஒரு நாள் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ, தலைசுற்றல் சேர்ந்து வந்தாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். அது ஓரிரு நாளுக்குள் பார்க்க வேண்டிய விஷயம்.

ஃபெக்டரியில் காதுக்குப் பஞ்சு வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பஞ்சு ஒன்றும் தடுக்காது. ஃபோம் காதடைப்பான் வேண்டும், அதைப் போடும் விதமும் வேண்டும்: விரல்களுக்கிடையில் மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, விரிந்து முடியும்வரை விரலால் அழுத்தி வைத்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் பயனில்லை. இதை ஃபெக்டரிப் பொறுப்பாளரான டீ மேக்கரிடம் கேட்பது சலுகை கேட்பதல்ல. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்குமாக உள்ள சட்டம், தேயிலை ஃபெக்டரி அதற்கு வெளியே இல்லை. தனியாகக் கேட்கத் தயக்கமென்றால் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தப்புச் செட்டில் நிற்கும்போதும் அதே காதடைப்பான் உதவும், தாளம் தப்பாது.

பழைய கச்சேரி ஏன் மெலிந்து கேட்கிறது

இனி உங்கள் ஹெட்போனைக் கணக்கில் போடுவோம். டிடி 990 புரோவின் 250 ஓம் வகைக்குக் கம்பனி சொல்லும் உணர்திறன், 1 மில்லிவொட்டுக்கு 96 டெசிபல். 250 ஓமில் 1 மில்லிவொட் பாய 0.5 வோல்ட் வேண்டும். அப்பிள் டொங்கிள் அதிகபட்சம் 1 வோல்ட் அளவில் கொடுக்கும். அது 4 மில்லிவொட், 6 டெசிபல் கூட. ஆக உச்சத்தில் 102 டெசிபல்.

102 என்பது உச்சம்தான், பாட்டு முழுக்க அங்கேயே நிற்பதில்லை. இன்றைய சினிமாப் பாட்டுகளும் ராப்பும் சத்தத்தை இறுக்கி, மேலே தள்ளி மாஸ்டர் செய்யப்பட்டவை. அவற்றின் சராசரி, உச்சத்துக்கு 8, 10 டெசிபல் கீழேதான் நிற்கும். முழு வொல்யூமில் வைத்தால் காதுக்கு 92 டெசிபல் போய்விடும். பழைய கச்சேரிப் பதிவு அப்படியல்ல. ஆலாபனை மெதுவாகத் தொடங்கும், தவில் தனி வரும்போதுதான் உச்சத்தைத் தொடும். சராசரி 20 டெசிபலுக்கு மேல் கீழே கிடக்கும் பதிவுகள் ஏராளம். வானொலியிலிருந்தோ கசெட்டிலிருந்தோ யாரோ ஏற்றியதாக இருந்தால் உச்சம்கூட முழு அளவைத் தொடாது. யூடியூப் சத்தமான பாட்டைத் தன் அளவான மைனஸ் 14 லஃப்ஸுக்கு (லஃப்ஸ் என்பது பதிவின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) குறைத்துவிடும். மெல்லிய பதிவை அந்த அளவுக்கு உயர்த்தாது. அதனால் மெலிந்தது மெலிந்தபடியே வருகிறது.

ஆக நீங்கள் 'நாதஸ்வரத்துக்கு அம்ப் போதவில்லை' என்று புரிந்துகொண்டது, பதிவின் சத்த அளவு குறைந்திருப்பதைத்தான். வாத்தியத்துக்கும் இசை வகைக்கும் அதில் பங்கு குறைவு. நேற்று பதிவான ஒரு நாதஸ்வர இசைத்தட்டை நல்ல கோப்பாகப் போட்டால் இந்தப் பிரச்சினையே இருக்காது.

உங்கள் போன் விஷயத்தில் ஒரு நுணுக்கமும் உண்டு. சில அண்ட்ரொயிட் போன்களில் அப்பிள் டொங்கிளைச் செருகினால், போனின் வொல்யூம் முழுதாக இருந்தாலும் டொங்கிளின் உள் வொல்யூம் பாதியில் நின்றுவிடும். அந்த 1 வோல்ட் முழுதாக வெளியே வராது. இது பலருக்கு நடந்த, எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. யாராவது நண்பரின் யூ.எஸ்.பி. சி உள்ள ஐபோனிலோ லெப்டொப்பிலோ அதே டொங்கிளை, அதே ஹெட்போனை மாட்டிக் கேட்டுப் பாருங்கள். அங்கே கூடுதலாகக் கேட்டால் குற்றவாளி பிடிபட்டுவிட்டது.

அப்போது வாங்க வேண்டியது 2 வோல்ட் கொடுக்கும் ஒரு யூ.எஸ்.பி. டொங்கிள் அல்லது தீப்பெட்டி அளவு டாக் அம்ப் (போனின் டிஜிட்டல் ஒலியை மாற்றிப் பெருக்கிக் கொடுப்பது). 2 வோல்ட் என்றால் உங்கள் ஹெட்போனில் 16 மில்லிவொட், உச்சம் 108 டெசிபல். பழைய கச்சேரிக்கும் அது போதும், மிச்சமும் இருக்கும். பெட்டியில் 'ஹை-ரெஸ்' என்று பொன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல், எத்தனை ஓமில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

100 வொட்டும் வால்வும்

கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஸ்பீக்கருக்கு உரிய பேச்சை ஹெட்போனுக்குப் பேசியிருக்கிறார். உங்கள் ஹெட்போன் தாங்கும் அளவென்று கம்பனி குறித்திருப்பது 100 மில்லிவொட். 100 வொட் அதற்கு ஆயிரம் மடங்கு. அப்படிப்பட்ட அம்பில் ஹெட்போன் செருகும் துளை இருந்தால், பழைய வடிவங்களில் பெரும்பாலும் ஸ்பீக்கர் வெளியீட்டுக்கே ஒரு பெரிய ரெசிஸ்டரைப் போட்டு அடக்கி வெளியே எடுத்திருப்பார்கள். கொடுத்த காசு அந்த ரெசிஸ்டரில் சூடாகிப் போகும். வொட்டை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு பவர் வேண்டும்.

அந்த ரெசிஸ்டரால் இன்னொரு வினையும் உண்டு. அம்பின் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது ஒலி வெளியேறும் பக்கத்தில் அது காட்டும் ஓம், கூடிவிடும். ஹெட்போனின் ஓம், அம்பின் வெளியீட்டு ஓமைப் போலக் குறைந்தது எட்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. இது குறைந்தால், பேஸ் பகுதியில் மின்மறுப்பு ஏறும் ஹெட்போன்களில் பேஸ் வீங்கிக் கொழகொழவென்று கேட்கும். சிலருக்கு அது 'கனமான சவுண்ட்' என்று பிடித்தும் போகும். ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாத வால்வ் அம்ப்களில் வெளியீட்டு ஓம் இயல்பாகவே அதிகம். 250, 300, 600 ஓம் ஹெட்போனோடு அவை ஒத்துப்போகும், 16 அல்லது 32 ஓம் இயர்போனைச் செருகினால் ஒலி கெடும், பின்னால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கேட்கும். உங்கள் 250 ஓமுக்கு வால்வ் பொருந்தாது என்று நான் சொல்லமாட்டேன். கர்நாடக இசைக்கு வால்வ்தான் வேண்டும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன். வால்வ் தன் பங்குக்கு ஒரு சிறு திரிபைச் சேர்க்கிறது, அது சிலர் காதுக்கு இனிமை. தவிலுக்கும் பிடிக்கலாம், மெட்டலுக்கும் பிடிக்கலாம். ஆசை என்று வாங்கினால் சரி, தேவை என்று நினைத்துச் சங்கிலியை அடகு வைக்காதீர்கள். இடிமின்னல் காலத்தில் லயத்துக் கரண்டை நம்பி ஒரு வால்வ் அம்பை வைத்துக்கொள்வது தனித் தலையிடி.

எந்தப் பாட்டுக்கு எது

இசை வகைக்கு ஏற்ற ஹெட்போன் என்ற பேச்சில் உண்மை கொஞ்சம் இருக்கிறது, கடைகளில் சொல்லும் அளவுக்கு இல்லை. ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஒலிவ், டொட் வெல்டி ஆகியோர் 2010களில் பலரைக் கேட்கவைத்துச் செய்த ஆய்வுகளில், பெரும்பாலானோர் ஏறக்குறைய ஒரே வகை ஒலிச் சமநிலையைத்தான் விரும்பினார்கள். பேஸ் எவ்வளவு என்பதில்தான் ஆளுக்காள் வேறுபாடு. ஒலிப்பதிவுக் கூடத்தில் காலையில் பக்திப் பாட்டு மிக்ஸ் செய்பவர் மாலையில் ராப் மிக்ஸ் செய்ய ஹெட்போனை மாற்றுவதில்லை. உங்களிடமிருக்கும் 990 கூட ஸ்டுடியோவுக்கென்று செய்த ஹெட்போன்தான்.

அதற்கென்று ஒரு குணம் உண்டு, அதுதான் உங்களைச் சிம்பலில் குத்துகிறது. 8,000 ஹேர்ட்ஸ் என்ற உயர்ந்த ஒலிப் பக்கம் அதன் ஒலி தூக்கலாக இருக்கும். மெட்டலில் சிம்பல் ஓயாமல் அடிபடுவதால் அங்கே முதலில் தெரிகிறது. பாடகரின் 'ஸ', 'ச' ஒலிகளும் சீறும். இதற்கு அம்ப் மருந்தல்ல. ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 8,000 ஹேர்ட்ஸில் 4 அல்லது 5 டெசிபல் இறக்குங்கள். அண்ட்ரொயிட்டில் வேவ்லெட் என்ற செயலியில் ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கு அளந்து தயாரித்த திருத்தங்கள் இருக்கின்றன. உங்கள் மாடலைத் தெரிவுசெய்தால் போதும், பிறகு உங்கள் காதுக்கேற்பச் சற்று முன்பின் மாற்றுங்கள்.

நாதஸ்வரத்துக்கு வேறு இடம். மனிதக் காதுத்துளை இயல்பாகவே 3,000 ஹேர்ட்ஸ் பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும், நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அங்கேதான். நாதஸ்வரத்தின் வலுவான மேற்சுரங்கள் அந்தப் பகுதியில் நிறைய விழுகின்றன. சத்தத்தைக் கூட்டிக் கேட்டால் அரை மணியில் காது சலிக்கும். ஆகவே அதற்கு 'கூர்மையான' ஹெட்போன் என்று விற்பதைத் தேடிப் போகாதீர்கள். 990 இன் திறந்த அமைப்பு நாதஸ்வரத்துக்கு நன்றாகவே ஒத்துப்போகும், வாத்தியம் தலைக்குள் அடைபடாமல் கொஞ்சம் வெளியே நிற்பதாகத் தோன்றும். தவிலின் இடப்பக்கமான தொப்பியில் விழும் கழியின் அடியும் வலப்பக்கமான வலந்தலையில் விழும் விரல் கூட்டின் சொற்களும் பிரிந்து கேட்க வேண்டும், அதற்கும் அது போதும்.

தப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், போனில் பதிந்து கேட்டால் 'தட் தட்' என்று மட்டும் வருகிறதே என்று. அது கேட்கும் கருவியின் குற்றமில்லை, பதியும் கருவியின் குற்றம். வைக்கோல் கொளுத்திக் காய்ச்சி இறுக்கிய தோலில் குச்சி விழும் கணம் மிகச் சுருக்கமானது, மிகச் சத்தமானது. போனின் மைக் அதைத் தாங்காது, உடனே தானாகவே சத்தத்தை அமுக்கிவிடும், பின்னால் வரும் தோலின் முழக்கமும் சேர்ந்து அமுங்கிப்போகும். செட்டிலிருந்து நன்றாக விலகி, பத்துப் பதினைந்து அடி தள்ளி வைத்து, தானியங்கி அளவை நிறுத்த வசதியுள்ள ஒரு செயலியில் பதிந்து பாருங்கள். எந்த ஹெட்போன் வாங்கினாலும் பதிவிலேயே இல்லாத முழக்கத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ராப் மட்டும்தான் உண்மையில் உங்கள் ஹெட்போனோடு சண்டை போடுகிறது. 40, 50 ஹேர்ட்ஸில் இறங்கும் பேஸைத் திறந்த ஹெட்போன் முழுதாகப் பிடித்துவைக்காது, காற்று கசியும். ஈக்வலைசரில் 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் ஏற்றலாம். அப்படி ஏற்றும்போது மொத்தச் சத்த அளவை மாற்றும் ப்ரீஅம்ப் என்ற இழுவையை அதே 4 டெசிபல் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் உச்சம் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் மூடிய ஹெட்போன் அல்லது காதுக்குள் நன்றாக அடைந்து உட்காரும் இயர்போன்தான் வழி.

லயத்துக் காம்பராவில் திறந்த ஹெட்போன்

பக்கத்துக் காம்பராக்காரர் சொல்வது நியாயம், தம்பி. 990 இன் இரு பக்கமும் வலைதான். நீங்கள் கேட்பதில் ஒரு பங்கு வெளியேயும் கேட்கும், நடுச்சுவர் கூரைவரை எழும்பாத லயத்தில் எல்லாமே அந்தப் பக்கம் போகும். வெளிச்சத்தம் உள்ளே வருவதும் அப்படித்தான். மே மாதம் தொடங்கித் தகரக் கூரையில் மழை கொட்டும்போது அந்த இரைச்சலுக்கு மேலே கேட்க நீங்கள் வொல்யூமை ஏற்றுவீர்கள், அப்புறம் மழை நின்ற பிறகும் இறக்க மறப்பீர்கள். எல்லோரும் செய்வதுதான்.

அதனால் எனது யோசனை: ஒரு சாதாரண இயர்போன், பல அளவு ரப்பர் முனைகளோடு வருவது. காதில் சரியாக அடையும் முனையைத் தேடிப் பிடியுங்கள். பேஸ் தானாக வரும், மழையும் பக்கத்துக் காம்பராவும் அடங்கும், வொல்யூம் குறையும். அதற்கு எந்த அம்பும் வேண்டாம், போன் டொங்கிளே தாராளம். 990 ஐ விடுமுறைப் பின்னேரங்களுக்கு, நாதஸ்வரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள், நம் பக்கத்து ஈரத்துக்கு அதன் வெல்வெட் பஞ்சணை பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு மூடி உள்ள டப்பாவில் வையுங்கள். பஞ்சணையைக் கழற்றிக் கழுவலாம், தனியாகவும் வாங்கலாம்.

தூங்கும்போது கேட்பதை மட்டும் மாற்றியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. நான் மேலே கணக்குப் போட்ட 92 டெசிபலில் அது வாரத்துக்கு இரண்டரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். நீங்கள் போட்டுவிட்டுத் தூங்கிப்போகும் ஒரே காலையில் அது முடிந்துவிடுகிறது, ஃபெக்டரியில் காது வாங்கியதை நான் இன்னும் சேர்க்கவேயில்லை. 2 வோல்ட் டொங்கிள் வாங்கினால் இன்னும் கவனம் வேண்டும், அதில் சினிமாப் பாட்டை முழு வொல்யூமில் வைத்தால் சராசரியே 98 ஆகும், வாரத்துக்கு 40 நிமிடம்கூட இல்லை. போனில் வொல்யூம் எல்லையைப் போட்டுவிடுங்கள். வேலை முடிந்த காலைகளில் காதுக்கு முதலில் ஓய்வு, தூங்கி எழுந்த பிறகு பாட்டு. பாட்டில்லாமல் தூக்கமே வராதென்றால் போனை மேசையில் வைத்து, அதன் ஸ்பீக்கரில் மெதுவாக, ஸ்லீப் டைமரோடு.

சங்கிலி

ஆகக் கடைத் துண்டிலுள்ள மூன்றும் வேண்டாம். வாங்க வேண்டியது ஒரு இயர்போன், ஒரு டொங்கிள். டொங்கிளையும் போனை மாற்றிச் சோதித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள், ஒருவேளை தேவைப்படாது. ஒரு மாதச் சம்பளத்தை உடைத்தால் போதும், அடகுக் கடைப் பக்கம் போகவேண்டிய விலை எதிலும் இல்லை. எதை வாங்கினாலும் கடையில் உங்கள் ஹெட்போனைச் செருகி, உங்கள் போனிலுள்ள அந்தப் பழைய கச்சேரியையே போட்டுக் கேளுங்கள். கடைக்காரர் போடும் டெமோ பாட்டு எதிலும் நன்றாகத்தான் கேட்கும். பில்லைக் கேட்டு வாங்குங்கள், உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு தகராறு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, தொலைபேசி 1977, ஆனால் பில் இல்லாமல் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது.

கேட்டல் பரிசோதனை முடிந்ததும் ஒரு வரைபடம் தருவார்கள், 250 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரை ஒவ்வொரு காதுக்கும் ஒரு கோடு. வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. 4,000 பக்கத்தில் கோடு பள்ளமாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பெயரை மறைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அங்கே பள்ளம் இருந்தால் நான் மேலே சொன்ன ஈக்வலைசர் அளவுகளை அப்படியே வைக்க முடியாது, உங்கள் காதுக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.